நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் படிப்பு, வேலை என்று இருக்கும் நண்பர்களும், டிசம்பரில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லாமே பவேரியா மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் நியூரம்பெர்க் நகரத்துச் சந்தையைப் பற்றியவை. பல டிசம்பர்களில் அங்கே போயிருக்கிறேன். நல்ல நாளும் பார்த்தேன், மோசமான நாளும் பார்த்தேன். இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

நேராகச் சொல்லுங்கள். போவது பிரயோஜனமா?

ஆமாம், போகலாம். ஆனால் பொருள் வாங்கும் இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். இது நிற்பதற்கான இடம். டிசம்பர் நடுவில் அங்கே சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டில், குளிரில், கையில் சூடான கோப்பையை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்த கூட்டாளியோடு ஒரு மணி நேரம் நின்று பேசத்தான் உள்ளூர்க்காரர்கள் வருகிறார்கள். கடைகளெல்லாம் அந்த நிற்பதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அப்படி நிற்க உங்களுக்கு நேரமும் ஆளும் இருந்தால், கட்டாயம் போங்கள். அரை மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டுமென்றால், அந்த அரை மணி நேரம் வெறும் நெரிசலாகத்தான் மனதில் நிற்கும்.

அது என்ன சந்தை? உண்மையிலேயே பழையதா?

பெயர் கிறிஸ்ட்கிண்ட்லெஸ்மார்க்ட். குழந்தை இயேசுவின் சந்தை என்று பொருள். பழைய நகரத்தின் நடுவில் இருக்கும் ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் ஏறத்தாழ 180 மரக்கடைகள், எல்லாவற்றுக்கும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரை. மரமும் துணியும் கொண்ட சிற்றூர் என்பது அதன் செல்லப்பெயர்.

எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று 1628-ஐச் சேர்ந்தது. அது ஏதோ அரச ஆணை என்று நினைத்துவிடாதீர்கள். பூ வேலைப்பாடு செய்த ஒரு சின்ன மரப்பெட்டி. குழந்தைச் சந்தையிலிருந்து அனுப்பப்பட்ட பரிசு என்று அதன் அடியில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதே நகரத்தின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் அந்தப் பெட்டி இருக்கிறது. ஒரு சந்தையின் வயதை அங்கே வாங்கிய ஒரு பரிசு சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஜெர்மனியிலேயே இதைவிடப் பழைய சந்தைகள் உண்டு. டிரெஸ்டனின் ஸ்ட்ரீட்ஸெல்மார்க்ட் 1434-ல் தொடங்கியது. அதனால் 'உலகின் முதல் கிறிஸ்துமஸ் சந்தை' என்று யாராவது நியூரம்பெர்க்கைச் சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்தத் தேதிகளில் நடக்கும்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக்காலம் என்பார்கள். அதன் முதல் ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, சந்தை திறக்கும். ஆண்டைப் பொறுத்து அது நவம்பர் 25-க்கும் டிசம்பர் 1-க்கும் நடுவில் வரும். வழக்கமாகக் காலை 10 மணியிலிருந்து இரவு 9 மணி வரை.

முடியும் நாள்தான் நம்மவர்கள் தவறவிடுவது. டிசம்பர் 24 மதியம் 2 மணியோடு எல்லாம் முடிந்தது. 'லீவு 25-லிருந்துதான், அப்போது போகலாம்' என்று டிக்கெட் போட்டவர்கள் வந்து பார்க்கும்போது கடைகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அதோடு 24 மதியத்திலிருந்து 26 முடிய நகரத்தின் மற்ற கடைகளும் மூடியிருக்கும், தெருவே அமைதியாகிவிடும். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தை என்பது கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் நாட்களுக்கானது. பண்டிகை வந்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

திங்கள் முதல் புதன் வரை ஏதாவது ஒரு நாள். மதியம் 3 மணிக்குப் போய்ச் சேருங்கள். வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றி எந்தக் கடை எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாலு மணி தாண்டியதும் வானம் கருநீலமாகும், கடை விளக்குகள் மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். அந்த இருபது நிமிடம்தான் சந்தையின் மிக அழகான நேரம். அப்புறம் ஐந்தரைக்கு மேல் அலுவலகம் முடிந்த கூட்டம் வரும். அதற்குள் நீங்கள் ஒரு மேசையைப் பிடித்திருப்பீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். நான் முதல்முறை போனது அப்படி ஒரு சனிக்கிழமை. முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. கடைப் பக்கம் ஒதுங்கக்கூட இடமில்லை, கூட்டம் எங்கே தள்ளியதோ அங்கே போனேன். இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று வீடு திரும்பினேன். அடுத்த வருடம் ஒரு தோழி பிடிவாதமாக ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டிப்போனார். அதே கடைகள், அதே சதுக்கம், ஆனால் வேறு ஊருக்கு வந்ததுபோல இருந்தது. ஒவ்வொரு பருவத்திலும் சுமார் 20 லட்சம் பேர் வரும் சந்தை இது. அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு வார இறுதியில் வருவதுதான்.

திறப்பு விழாவைப் பார்க்க வேண்டுமா? கிறிஸ்ட்கிண்ட் என்றால் யார்?

கிறிஸ்ட்கிண்ட் என்றால் பாலன் இயேசு. புராட்டஸ்டண்ட் மக்கள் புனித நிக்கோலாஸுக்குப் பதிலாக, பரிசு கொண்டுவருவது குழந்தை இயேசுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கியதில் வந்த வழக்கம் இது. காலப்போக்கில் அந்த உருவம் பொன்னிற முடியும் கிரீடமும் பொன்னும் வெள்ளையுமான ஆடையும் கொண்ட ஒரு தேவதைப் பெண்ணாக மாறியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 16 முதல் 19 வயதுக்குள் உள்ள நியூரம்பெர்க் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைந்தது 160 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், உயரத்தைக் கண்டு பயப்படக்கூடாது. ஏனென்றால் திறப்பு நாளில் சதுக்கத்தின் கிழக்கே இருக்கும் ஃப்ராவன்கிர்ஷெ என்ற மாதா கோயிலின் மாடத்தில் ஏறி நின்று அவள் வாழ்த்துரை சொல்ல வேண்டும். மாலை ஐந்தரைக்கு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் மேல் மட்டும் வெளிச்சம் விழும்போது சதுக்கம் முழுக்க நிசப்தமாகும். ஒருமுறை பார்த்தேன், மனம் நிறைந்தது. ஆனால் அதற்காக இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் நெருக்கியடித்து நின்றேன். சிறு குழந்தைகளோடு போகாதீர்கள். அந்தப் பெண் பிறகு வாரநாட்களில் சந்தைக்கு வந்து குழந்தைகளைச் சந்திப்பாள். அது இன்னும் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-ல் தேர்வான பெண்ணின் தந்தை இந்தியாவிலிருந்து வந்தவர். அவள் நிறத்தையும் பூர்வீகத்தையும் வைத்து ஓர் அரசியல் கட்சியின் உள்ளூர்க் கிளை இணையத்தில் இழிவாக எழுதியது. நகரம் முழுக்க அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது, பதிவும் நீக்கப்பட்டது. அந்த ஆண்டு மாடத்தில் நின்று அவள்தான் சந்தையைத் திறந்துவைத்தாள். 'நம்மை அங்கே எப்படிப் பார்ப்பார்கள்' என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான், இரண்டு பாதியையும் சேர்த்து.

நான் கிறிஸ்தவர் இல்லை. போகலாமா?

தாராளமாக. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நுழைவுக் கட்டணம் உண்டா? எவ்வளவு செலவாகும்?

நுழைவு இலவசம், வேலியும் கிடையாது. ஓர் ஆளுக்கு ஒரு பானம், ஒரு சாப்பாடு, ஏதாவது ஓர் இனிப்பு என்றால் இருபது யூரோவுக்குள் முடித்துவிடலாம். சூடான வைன் ஒரு கோப்பை நாலைந்து யூரோ ஆகும், கோப்பைக்கு வைக்கும் முன்பணம் தனி. சில கடைகளில் அட்டை செல்லாது. அதனால் சில்லறையாக முப்பது யூரோவாவது கையில் இருக்கட்டும். கழிப்பறைக்கும் காசு வேண்டும்.

அந்தக் கோப்பை முன்பணம் எப்படி?

இதற்குப் ஃபாண்ட் என்று பெயர். பானத்தின் விலையோடு கோப்பைக்கும் சில யூரோ சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு கையில் வந்துவிடும். பிடித்திருந்தால் கோப்பையை நீங்களே வைத்துக்கொள்ளலாம், முன்பணமே விலையாகிவிடும், யாரும் திருட்டு என்று நினைக்க மாட்டார்கள். கோப்பையில் சந்தைப் படம் போட்டிருக்கும். எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் நாலு கோப்பைகள்தான் நான் அந்தச் சந்தையில் வாங்கியதிலேயே தினமும் பயன்படும் பொருள்.

மது வேண்டாம் என்றால் என்ன குடிப்பது?

கிண்டர்புன்ஷ். பழச்சாற்றைப் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கியது, மது துளியும் இல்லை. சூடான சாக்லேட்டும் கிடைக்கும். மது குடிப்பவர்கள் க்ளூவைன் என்ற பொதுவான சூடான வைனோடு அவுரிநெல்லிப் பழத்தில் செய்யும் ஹைடல்பேர் க்ளூவைனையும் ருசித்துப் பாருங்கள், அது இந்த ஊரில் பெயர் பெற்றது. இனிப்பாக இருப்பதால் மதுவின் அளவு தெரியாது. குளிரில் வெறும் வயிற்றில் இரண்டு குடித்தால் கால் தள்ளாடும். முதலில் சாப்பிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்? அசைவத்தில் எது என்ன இறைச்சி?

முதலில் அசைவம். ஊரின் அடையாளம் நியூரம்பெர்க் பிராட்வுர்ஸ்ட் என்ற சின்ன சாசேஜ். ஏழு முதல் ஒன்பது செ.மீ. நீளம், 20 முதல் 25 கிராம் எடை, சுண்டுவிரல் மாதிரி இருக்கும். மருகு என்ற மூலிகை போட்டிருப்பதால் வாசனை தனி. 2003-லிருந்து இந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு, நகர எல்லைக்குள் செய்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம். மூன்றை ஒரு பன்னுக்குள் வைத்துக் கொடுப்பார்கள், 'ட்ரை இம் வெக்லா' என்று கேளுங்கள். உள்ளே இருப்பது பன்றி இறைச்சி, மேலுறை ஆட்டுக்குடல். மாட்டிறைச்சி உண்டா என்று கேட்பவர்களுக்கு இல்லை என்பதே பதில். ஹலால் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

சைவத்தில் நிறைய இருக்கிறது. செம்புக் கொப்பரையில் சர்க்கரைப் பாகோடு புரட்டி வறுத்த பாதாம், சுட்ட கஷ்கொட்டை, உப்புப் படிகம் தூவிய ப்ரெட்ஸெல், கடாயில் வதக்கிய காளான், உருளைக்கிழங்கைத் துருவி அடைபோலப் பொரித்து ஆப்பிள் மசியலோடு தருவது. அந்த அடையில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் 'ஓனே ஐ?' என்று கேட்டுவிடுங்கள், முட்டை இல்லாமலா என்று பொருள். 'வெகெடாரிஷ்' என்றால் ஜெர்மனியில் முட்டையும் சேர்த்தி. என் அம்மா வந்திருந்தபோது பாதாம் பொட்டலமும் கஷ்கொட்டையும் வைத்தே சாயங்காலத்தை ஓட்டினார். காகிதக் கூம்பில் சூடாகத் தரும் கஷ்கொட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக் கையைச் சூடேற்றிக்கொள்ளும் யோசனையும் அவருடையதுதான்.

எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

இந்தச் சந்தையில் கடைக்காரர்களுக்கு நகரம் கண்டிப்பான விதிகள் வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் தோரணத்துக்கும், ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டுக்கும், சதுக்கத்தில் ராட்டினத்துக்கும் அனுமதியில்லை. அதனால் மற்ற பல ஊர்ச் சந்தைகளைவிடக் கண்ணுக்கும் காதுக்கும் இதமாக இருக்கும். அப்படியும் எல்லாக் கடையும் கைவினைக் கடை இல்லை. தொப்பி, கையுறை, மெழுகுவர்த்தி விற்கும் கடைகளில் இருப்பது ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும்.

இங்கே மட்டும் வாங்க வேண்டியவை என்றால் மூன்று சொல்வேன். உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கைகால் செய்து, கொட்டையில் முகம் வரைந்து, உடை மாட்டிய ஸ்வெட்ச்கன்மென்லெ பொம்மைகள். மருத்துவர், மீனவர், கல்யாணப் பெண் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. முன்னால் நின்று பத்து நிமிடம் பார்க்கலாம், கடைக்காரர் அலுத்துக்கொள்ள மாட்டார். அடுத்தது மடிப்பு மடிப்பான தங்கத்தகட்டு ஆடை போட்ட தேவதை, மரத்தின் உச்சியில் வைப்பது.

மூன்றாவது லெப்கூகன். இதில் கொஞ்சம் விவரம் தெரிந்து வாங்க வேண்டும். தேன், மசாலா, கொட்டைகள் போட்ட மெத்தென்ற பெரிய பிஸ்கட் மாதிரி இருக்கும். இதற்கும் 1996-லிருந்து புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. நியூரம்பெர்க் அந்தக் காலத்து மசாலா வணிகத்தின் முக்கிய சந்திப்பு. அதைச் சுற்றியிருந்த காடுகளில் தேன் கிடைத்தது. நம் பக்கத்திலிருந்து போன மிளகு, பட்டை, ஏலக்காய் வகையறாக்கள் அந்தத் தேனோடு சேர்ந்ததுதான் இந்தப் பலகாரம். பெட்டியில் 'எலிசன்' என்று போட்டிருந்தால் உயர்ந்த ரகம். அதில் பாதாம், ஹேசல், வால்நட் ஆகியவை குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. சாதா ரகத்தைத் தின்றுவிட்டு 'இதுதானா?' என்று கேட்டவர்களுக்கு ஒரு எலிசனை வாங்கிக் கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். முட்டை இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அழகான தகரப் பெட்டிக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, அதே பணத்துக்குத் தாளில் சுற்றிய எலிசன் அதிகமாக வாங்கலாம்.

குழந்தைகளுக்கு ஏதாவது இருக்கிறதா?

பக்கத்திலேயே ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் குழந்தைகளுக்கென்று தனிச் சந்தை. பழைய பாணி ராட்டினம், சின்ன ரயில், குட்டி ராட்சத ராட்டினம் எல்லாம் அங்கே. தள்ளுவண்டியோடு வருபவர்கள் பெரிய சதுக்கத்தை மதியம் 3 மணிக்குள் முடித்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை பள்ளிக் குழந்தைகள் தாங்களே செய்த காகித விளக்குகளை ஏந்திச் சந்தையிலிருந்து கோட்டைக்கு ஊர்வலம் போவார்கள். ஆயிரத்துக்கும் மேல் குழந்தைகள். எந்த வியாழன் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டு வாருங்கள். அதற்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

போகலாம். ஆனால் உட்கார இடம் கிடையாது, தரை முழுக்கக் கருங்கல். குளிர் தலையிலிருந்து வருவதாக நினைத்து நாம் தொப்பியும் மப்ளரும் மாட்டிவிடுவோம். உண்மையில் அது கல்தரையிலிருந்து காலுக்குள் ஏறுகிறது. தடித்த அடிப்பகுதி உள்ள காலணி, கம்பளிக் காலுறை, காலணிக்குள் விரல் அசைய இடம் இந்த மூன்றும் இருந்தால் இரண்டு மணி நேரம் நிற்கலாம். இறுக்கமாக இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். புடவைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்களுக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை ஒன்று போதும், புடவையே ஒரு நல்ல போர்வை.

நடுவில் உட்காரத் தேவாலயங்கள் இருக்கின்றன. ஃப்ராவன்கிர்ஷெ சதுக்கத்திலேயே, ஸேபால்ட், லோரன்ஸ் என்ற இரண்டு பெரிய தேவாலயங்கள் சில நிமிட நடையில். உள்ளே அமைதியாக உட்கார்ந்து கால் ஆற்றிக்கொள்ளலாம்.

அந்தச் சதுக்கத்துக்கு ஒரு சோகக் கதை உண்டு என்கிறார்களே?

உண்டு. தெரிந்துகொண்டு போவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இன்று சந்தை நடக்கும் இடம் ஒரு காலத்தில் யூதர்களின் குடியிருப்பு. 1349 டிசம்பரில் அந்தக் குடியிருப்பைத் தாக்கி 500-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கிய இடம்தான் சதுக்கம். அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் எழுந்ததுதான் ஃப்ராவன்கிர்ஷெ. அந்த இடிப்புக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்தவர் பேரரசர் நான்காம் கார்ல். இப்போது அதே கோயிலின் முகப்பில் 1509-ஐச் சேர்ந்த ஒரு கடிகாரம் இருக்கிறது. தினமும் பகல் 12 மணிக்கு ஏழு இளவரசர்களின் பொம்மைகள் வெளியே வந்து ஒரு பேரரசரை மூன்று முறை சுற்றும். எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பேரரசர் அவரேதான்.

பிறகு 1933-ல் நாஜிகள் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் வேறு இடங்களுக்குப் போயிருந்த சந்தையை மறுபடி இந்தச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து, தங்கள் 'ஜெர்மானியப் பெருமை'க்கு விளம்பரமாக்கினார்கள். சதுக்கத்துக்கே ஹிட்லரின் பெயரை வைத்தார்கள். போர்க்காலத்தில் சந்தை நின்றது. 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் பழைய நகரம் சாம்பலானது. 1948-ல் இடிபாடுகளுக்கு நடுவே சந்தை மறுபடி திறந்தது. நாம் இன்று பார்க்கும் கிறிஸ்ட்கிண்ட் வாழ்த்துரை அந்த ஆண்டு எழுதப்பட்டதிலிருந்து வருவது.

இதெல்லாம் தெரிந்தபின் எனக்குச் சந்தை பிடிக்காமல் போகவில்லை. ஆனால் பகல் 12 மணிக்கு அங்கே இருந்தால் நான் படம் எடுப்பதில்லை.

மழை பெய்தால்? பனி கிடைக்குமா?

டிசம்பரில் பனியைவிடத் தூறலுக்குத்தான் வாய்ப்பு அதிகம். பூஜ்யத்துக்கும் ஐந்து டிகிரிக்கும் நடுவில் நசநசவென்று இருக்கும். கூட்டத்தில் குடை மற்றவர் கண்ணைக் குத்தும், தலைமூடி வைத்த மழைக்கோட்டு போதும்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது?

மூனிக்கிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூனிக்கிலிருந்து வட்டார ரயிலும் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஐந்து பேர் வரை சேர்ந்து வந்தால் பயர்ன் டிக்கெட் என்ற பவேரிய மாநில நாள் டிக்கெட் மலிவு. வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் அது செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. ரயில் நிலையத்திலிருந்து கோனிக்ஸ்ட்ராஸெ வழியாகப் பதினைந்து நிமிட நடை.

சந்தை நாட்களில் பழைய நகரத்து விடுதிகள் விலை ஏறியிருக்கும். பக்கத்து ஊரான ஃபூர்த்தில் தங்குங்கள். யூ1 சுரங்க ரயில் ஃபூர்த்திலிருந்து நேராக லோரன்ஸ்கிர்ஷெ நிறுத்தத்துக்கு வரும், அங்கிருந்து சந்தை ஐந்து நிமிடம். முடிந்தால் ஒரு இரவு தங்கிவிடுங்கள். முதல் நாள் சாயங்காலம் சந்தை, மறுநாள் காலையில் கோட்டை, அப்புறம் டூரர் என்ற ஓவியர் வாழ்ந்த வீடு.

பாதுகாப்பு எப்படி?

2016-ல் பெர்லினிலும் 2024-ல் மாக்டபுர்கிலும் கிறிஸ்துமஸ் சந்தைகளில் வாகனத்தை ஏற்றி மனிதர்களைக் கொன்றார்கள். அதன் பிறகு எல்லா ஊரிலும் வழிகளில் தடுப்புகள், சுற்றிலும் காவலர்கள். சந்தைக்குள் எந்தக் கத்தியும் கொண்டுபோகக் கூடாது, பழம் நறுக்கும் கத்தியும்கூட. பையைச் சோதித்தால் அமைதியாகக் காட்டுங்கள். அன்றாடத்தில் கவனிக்க வேண்டியது ஜேப்படி. பணப்பையும் பாஸ்போர்ட்டும் உள்பையில் இருக்கட்டும்.

ஒரே பயணத்தில் டிரெஸ்டன், கொலோன், ஸ்ட்ராஸ்பூர்க், வியன்னா எல்லாம் பார்த்துவிடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து நாளில் ஐந்து ஊர் பார்த்தவர்களுக்கு மூன்றாவது ஊரிலிருந்து எல்லாக் கடையும் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். இரண்டு ஊர் போதும், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. நியூரம்பெர்க்கோடு சேர்த்துப் பார்க்க ரோதன்பூர்க் மாதிரி மதில் சூழ்ந்த சிற்றூர் பொருத்தம். பழமைதான் வேண்டுமென்றால் மேலே சொன்ன டிரெஸ்டன், இல்லாவிட்டால் 1570-லிருந்து நடக்கும் ஸ்ட்ராஸ்பூர்க்.

வேற்று ஊர் ருசி வேண்டுமென்றால் நியூரம்பெர்க்கிலேயே கிடைக்கும். நகர மன்றத்தை ஒட்டிய சதுக்கத்தில் கிளாஸ்கோ, பிராக், கிராக்கோ போன்ற நட்பு நகரங்களின் கடைகள் தனியாக இருக்கின்றன. நெரிசலும் அங்கே குறைவு. இந்த நகரம் நட்புறவு வைத்திருக்கும் ஊர்களில் இலங்கையின் கல்குடாவும் ஒன்று என்று தெரிந்தபோது எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷம்.

யாருக்கு இது ஒத்துவராது?

கூட்டம் என்றாலே மூச்சு முட்டுகிறவர்கள், குளிரில் நிற்க உடம்பு இடம் தராதவர்கள், மலிவாகப் பரிசுப் பொருள் வாங்க வருகிறவர்கள். அவர்கள் அதே நகரத்தை மே மாதத்தில் வந்து பார்க்கட்டும்.

தனியாகப் போனால் நன்றாக இருக்குமா?

இருக்கும், ஒரு சின்ன வாக்கியம் தெரிந்தால். உயரமான நிற்கும் மேசைகளை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. கோப்பையோடு பக்கத்தில் போய் 'இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?' என்று கேளுங்கள், இங்கே இடம் இருக்கிறதா என்று பொருள். ஒருவர் தன் கோப்பையை ஓர் ஓரமாக நகர்த்துவார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். முதல் கோப்பை முடிவதற்குள் யார் வீட்டில் லெப்கூகன் எப்படிச் செய்வார்கள் என்பது வரை பேச்சு போயிருக்கும்.